செல்வர் தின்ற தீவு

ஞாலம் பாழ்பட்டு வருகின்றது என்பதை இன்று மறுப்பார் இலர். காற்று நஞ்சாகின்றது, ஆறு கழிவுக்காலாகின்றது, காடு கரைகின்றது, கடல் சூடேறுகின்றது. மறுக்க இயலாத நிலை வந்துற்றபின், பழியை எவர் தலைமேல் ஏற்றுவது என்னும் வினா எழுந்தது. அவ் வினாவிற்கு விடையொன்று முன்னரே அணியமாக வைக்கப்பட்டிருந்தது. ஏழைதான் கெடுக்கின்றான்! அவன் விறகு வெட்டுகின்றான், ஆற்றங்கரையை அழுக்காக்குகின்றான், மேலும் மேலும் மக்களைப் பெற்று மண்ணுக்குச் சுமையாக்குகின்றான்! குளிரூட்டிய அறையில், பல்லாயிரம் கல் தொலைவு வானூர்தியில் வந்திறங்கி, மேடையேறி இதனைச் சொல்வோர் இருக்கின்றனர். கைதட்டுவோரும் இருக்கின்றனர்.

1972-ஆம் ஆண்டு சூன் திங்களில் சுவீடன் நாட்டுச் சுடாக்கோம் நகரில் மாந்தச் சூழல் பற்றிய உலக மாநாடு நடைபெற்றது. அதில் இந்தியத் தலைமையமைச்சராயிருந்த இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையுமன்றோ பெரிய மாசுகள் என்னும் பொருள்பட ஒரு வினாவை எழுப்பினார். அவர் எழுப்பியது வினா. அதுவும், உண்டு கொழுத்த நாடுகள் உணவற்ற நாடுகட்குச் சூழலறம் கற்பிக்க முற்பட்டதற்கு மறுமொழியாக எழுந்த வினா. பின்வந்தோர் அதன் வினாக்குறியை மட்டும் உதிர்த்துவிட்டு, வறியோனே மாசு என்னும் முடிவாக அதனைத் திரித்துக்கொண்டனர். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒரு குறியை நீக்கியே பொருளைத் தலைகீழாக்கலாம் என்பதற்கு இலக்கண ஆசிரியர்கள் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டுவதில்லை.

கணக்கு என்ன சொல்கின்றது? ஆக்சுபாம் என்னும் பன்னாட்டுத் தொண்டமைப்பு 2023-இல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கைத் தருகின்றது. 2019-இல் உலக மக்களுள் செல்வ மேல்தட்டில் உள்ள நூற்றுக்கு ஒருவர், அஃதாவது ஏறத்தாழ 7 கோடியே 70 இலக்கம் பேர், தம் நுகர்வால் வெளிப்படுத்திய கரிவளி, உலக மொத்தத்தில் 16 விழுக்காடு. கீழ்த்தட்டில் உள்ள 500 கோடி மக்கள் வெளிப்படுத்தியதும் அவ்வளவே! ஒருபால் 7 கோடி. மறுபால் 500 கோடி. துலாக்கோல் நேர் நிற்கின்றது. சுள்ளி பொறுக்கும் கிழவி காட்டுக்கு ஊறு செய்யவே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. ஊருக்கருகில் உள்ள புதர்க்காடு விறகுக்காக மொட்டையாவதும் உண்மைதான். ஆயினும் அக் கிழவியின் அடுப்பையும் தனி வானூர்தியில் பறக்கும் செல்வனின் ஒருநாட் செலவையும் ஒரே 'மாந்தன்' என்னும் சொல்லுள் அடக்கி, 'மாந்தன் ஞாலத்தைக் கெடுக்கின்றான்' என்று எழுதுவது அறியாமையன்று, கள்ளக்கணக்கு.

ஆனால் புள்ளிகள் மட்டும் உண்மையைக் காட்டிவிடா. மிகு செல்வம் ஒரு நிலத்தை எவ்வாறு தின்கின்றது, எவ்வெப் படிகளில் தின்கின்றது, தின்றபின் எவ்வாறு வாயைத் துடைத்துக்கொண்டு அறம் பேசுகின்றது என்பதை அறிய விரும்புவோர், அமைதிப் பெருங்கடலின் நடுவே நிலநடுக் கோட்டை ஒட்டிக் கிடக்கும் பனபா என்னும் சிறு தீவின் கதையைப் படிக்க வேண்டும். வெள்ளையர் அதற்கிட்ட பெயர் 'கடல் தீவு'. கடலில் அல்லாமல் தீவு வேறெங்கே இருக்கும் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! பரப்பு ஏறத்தாழ 1,500 ஏக்கர். ஒரு பேரூரின் வயல்வெளி அவ்வளவு இருக்கும். நான்கு சிற்றூர்கள், தென்னை, தாழை, காட்டு வாதுமை, சுற்றிலும் மீன். ஆறு இல்லை, குளம் இல்லை. மழை பொய்த்தால் நிலத்தடிக் குகைகளில் ஊறும் நன்னீரே உயிர். அக் குகைகளுக்குள் ஊர்ந்து சென்று நீர் முகந்து வருதல் பெண்களுக்கே உரிய வேலை. ஆடவர் அங்குச் செல்லலாகாது. ஒரு துளி நீரை எவர் எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு முறை வகுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். இத்தகையோரைத்தான் 'நாகரிகமற்றோர்' என்று எழுதிவைத்தனர்.

அவர்கள் மொழியில் 'அபா' என்றொரு சொல் உண்டு. அதற்கு நிலம் என்றும் பொருள். மக்கள் என்றும் பொருள். தமிழர்க்கு இது விளங்காத செய்தியன்று. 'ஊர் திரண்டது' என்றால் மண் திரண்டது என்று எவரும் கொள்வதில்லை. 'ஊர் சிரித்தது' என்றால் வீடுகளின் வாய் திறந்ததாக எவரும் கருதுவதில்லை. மண்ணையும் மக்களையும் ஒரே சொல்லால் வழங்கும் மொழியினர்க்கு நிலத்தை விற்பது என்பது பொருளற்ற தொடர். அதனை வாங்க வந்தவனுடைய மொழியிலோ, நிலம் என்பது ஏக்கர். ஏக்கர் என்பது விலை.

1899-இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகரில், அமைதிப் பெருங்கடல் தீவுகளோடு வணிகம் செய்த ஆங்கிலக் குழுமமொன்றின் அலுவலகக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தனர். நவுருத் தீவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த அக் கல்லை மரம் இறுகிக் கல்லானது என்று நினைத்திருந்தனர். ஆல்பர்ட்டு எல்லிசு என்னும் பணியாளர் ஐயுற்று அதனை ஆய்ந்து பார்த்தார். அஃது உயர்தரப் பாசுபேட்டு, அஃதாவது பயிருக்கு எருவாகும் உப்புப் பாறை. நவுருவுக்கு அண்மையிலுள்ள பனபாவும் அத்தகைய பாறையே என்று உய்த்துணர்ந்த எல்லிசு, 1900-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் அங்கே சென்று இறங்கி, தெமாத்தி என்பவரை 'அரசர்' என்று தாமே பெயரிட்டுக்கொண்டு, ஒரு தாளில் அவர் கைக்குறியைப் பெற்றார். பனபாவில் அரசரென்று எவரும் இருந்ததில்லை; ஒருவர் நிலத்தை மற்றொருவர் கொடுக்கும் வழக்கமும் இல்லை. தாளில் எழுதியிருந்தது இதுதான்: தீவின் எருப்பாறை முழுவதையும் தோண்டிக் கொண்டுசெல்லும் தனியுரிமை குழுமத்திற்கு, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50 பவுண்டு, அல்லது அவ்விலைக்குரிய வணிகப் பண்டம், காலம் 999 ஆண்டு!

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டு! இராசராசன் காலத்தில் எழுதப்பட்ட ஓர் ஓலை இன்றும் ஒருவன் வீட்டு நிலத்தைக் கட்டுப்படுத்துவதாக எண்ணிப் பார்த்தால் அதன் நீளம் விளங்கும். ஆண்டுக்கு 50 பவுண்டையும் அந்தக் குழுமமே பண்டமாகக் கொடுக்கலாம். பண்டத்தின் விலையைக் குறிப்பதும் அதே குழுமந்தான்!

1901-இல் பிரித்தானிய அரசு அத் தீவைத் தன் ஆட்சிக்குள் சேர்த்துக்கொண்டது. முதலில் வணிகன், பின்னர்க் கொடி. இவ் வரிசை தமிழ்நாட்டார்க்கும் புதிதன்று. புதிதாகத் தோன்றிய பாசுபேட்டுக் குழுமத்தில், வழலை செய்து விற்றுப் பெருஞ்செல்வரான வில்லியம் இலீவர் பணம் போட்டிருந்தார். இப் பெயரைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்க; மீண்டும் வரும்.

தோண்டத் தோண்டத் தென்னை சாய்ந்தது. 1920-இல் பிரித்தானியா, ஆத்திரேலியா, நியூசீலாந்து என்னும் மூன்று அரசுகளும் சேர்ந்து குழுமத்தின் உடைமைகளை விலைக்கு வாங்கித் தாமே பாசுபேட்டு ஆணையம் ஒன்றை நிறுவிக்கொண்டன. தனியார் கொள்ளை அரசுக் கொள்ளையாயிற்று. இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. அவ்வாணையம் எருப்பாறையை உலகச் சந்தை விலைக்கு விற்கவில்லை. தோண்டி ஏற்றிய அடக்க விலைக்கே ஆத்திரேலிய, நியூசீலாந்து உழவர்க்குக் கொடுத்தது. பார்ப்பதற்கு இஃது அறம்போல் தோன்றும். ஆதாயமே கொள்ளாத அரசு! ஆனால் விலையைக் குறைத்தால் குறைவது எவர் பங்கு? தீவு மக்களுக்குரிய பங்கன்றோ? ஒருவன் பசுவை மற்றொருவன் கறந்து, பாலைத் தன் உறவினர்க்கு மலிவாகக் கொடுத்துவிட்டு, 'யான் ஒரு காசும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை' என்று கைவிரித்துக் காட்டுவதை வள்ளன்மை என்று எவரும் சொல்லார்.

'அந்த எருவால் கோதுமை விளைந்ததே, ஆட்டுக்குப் புல் வளர்ந்ததே, உலகுக்கு உணவு கிடைத்ததே' என்பார் உளர். விளைந்தது, மறுப்பில்லை. பாசுபேட்டு இன்றேல் ஆத்திரேலியாவின் சாரமற்ற மண்ணில் அவ்வளவு பயிர் வந்திராது. ஆனால் எருவுக்குரிய நேர்விலையைக் கொடுத்தும் அக் கோதுமையை விளைத்திருக்கலாம். நேர்விலை கொடுக்க வேண்டியிருந்தால் எருவைச் சிக்கனமாகவும் பயன்படுத்தியிருப்பர். தீவும் அவ்வளவு விரைவில் தீர்ந்திராது. மலிவாகக் கிடைப்பதை மாந்தன் இறைப்பான். வலியவன் கையில் மெலியவனது மண் மலிவாகக் கிடைக்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், செல்வ ஏற்றத்தாழ்வும் இயற்கை அழிவும் தனித்தனி நோய்கள் அல்ல என்பது புலப்படும்.

1920-களின் இறுதியில் ஆணையம் மேலும் நிலம் கேட்டது. பனபா மக்கள் மறுத்தனர். காசுக்காக மறுக்கவில்லை, எஞ்சிய நிலமும் போனால் நிற்பதற்கு இடமில்லை என்று மறுத்தனர். உடனே 1928-இல் சட்டம் வந்தது. இசைந்து கொடாவிட்டால் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது அச் சட்டம். அப்போது அத் தீவுக் கூட்டத்தின் ஆட்சியாளராயிருந்தவர் ஆர்தர் கிரிம்பிள். புவக்கோனிக்காய் என்னும் சிற்றூரார்க்கு அவர் ஒரு மடல் எழுதினார். கையொப்பம் இடாவிட்டால் உங்கள் ஊர் என்னாகும், உங்கள் பிள்ளைகள் என்னாவர் என்று எண்ணிப் பாருங்கள் என்பதே அதன் சாரம். இதே கிரிம்பிள் 1952-இல் தீவு மக்களின் எளிமையையும் அன்பையும் பற்றி இனிக்க இனிக்க எழுதிய நூலொன்று இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றது. மக்களைப் போற்றி எழுதவும் அவர்தம் மண்ணைப் பறிக்கவும் ஒரே எழுதுகோல் போதுமாயிருந்தது.

வெட்ட வந்த போது பெண்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றனர். இமயமலைச் சாரலில் 1970-களில் பெண்கள் மரத்தைத் தழுவி நின்ற 'சிப்கோ' இயக்கத்தை உலகம் அறியும். அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே, எவரும் கேட்டறியாத தீவொன்றில், எவருடைய படக்கருவியும் இல்லாத இடத்தில், அதே செயல் நிகழ்ந்தது. மரங்கள் வெட்டப்பட்டன. மேல்மண்ணோடு மூதாதையரின் புதைகுழிகளும் வாரப்பட்டன. அவ்வெலும்புகளும் பாறைத்தூளோடு கலந்து கப்பலேறி அயலார் புல்வெளியில் எருவாயின என்று பனபா மக்கள் இன்றும் சொல்லி வருந்துகின்றனர். செல்வது செல்வம் எனச் சொற்பொருள் கூறுவாருண்டு. பனபாவின் செல்வம் உண்மையிலேயே கப்பலேறிச் சென்றது. போனது செல்வம் மட்டுமன்று.

1942-இல் சப்பானியப் படை தீவைப் பிடித்தது. பட்டினி, அடிமை வேலை, நாடுகடத்தல். 1945 ஆகத்தில் சப்பான் பணிந்தபின்னும், தீவில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 150 ஆடவரைப் படையினர் சுட்டுக் கொன்றனர். ஒருவர் மட்டும் பிழைத்தார். ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். பிற தீவுகளில் சிதறிக் கிடந்த பனபா மக்களைத் திரட்டினர். எதற்கு? தாயகத்திற்கு அழைத்துச் செல்லவா? இல்லை. வீடுகள் அழிந்துவிட்டன, அங்கே வாழ முடியாது என்று கூறி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் தெற்கேயுள்ள பிசித் தீவுகளில் ஒன்றான இராம்பிக்குக் கொண்டுசென்றனர். 1945 திசம்பர் 15-ஆம் நாள், மழையும் புயலும் வீசும் பருவத்தில், 703 பனபா மக்களும் அவரோடு கில்பர்ட்டுத் தீவினர் 300 பேரும் படைக்கூடாரங்களில் இறக்கிவிடப்பட்டனர். பனபாவில் வாழ முடியாதென்று சொன்னவர்கள், அங்கே தொழிலாளரையும் பொறிகளையும் இறக்கி மீண்டும் தோண்டத் தொடங்கிவிட்டனர். ஏதிலியாக்கும் இரக்கம் என்று இதற்குப் பெயரிடலாம்.

இராம்பித் தீவு எவருடையது? இலீவர் குழுமத்தின் தோட்டக் கிளைக்குச் சொந்தமானது. 1942-இல் 25,000 பவுண்டுக்கு அஃது வாங்கப்பட்டது. எவர் பணத்தில்? பனபா மக்களின் பெயரில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பாசுபேட்டுப் பணத்தில்! தன் வீட்டை இடித்தவனுக்கு உடந்தையாயிருந்தவனிடமே, வீட்டை இடித்ததற்குக் கிடைத்த சில்லறையைக் கொடுத்து, வேறொரு குடிசையை வாங்க வேண்டிய நிலை! கதை கட்டுவோர்கூட இவ்வளவு துணிந்து கட்டமாட்டார்.

மக்கள் விடவில்லை. இலண்டன் சென்று வழக்குத் தொடுத்தனர். 1970-களில் இருநூறு நாளுக்கு மேல் நடந்த அவ்வழக்கு அந்நாட்டு வரலாற்றிலேயே மிக நீண்ட வழக்குகளுள் ஒன்று. நடுவர் இராபர்ட்டு மெகாரி தீவுக்கே சென்று பார்த்தார். 1976-இல் தீர்ப்பு வந்தது. அரசுக்கு அம் மக்கள்பால் இருந்தது ஆட்சிப் பொறுப்பே. உடைமையைக் காத்தளிக்கும் அறக்கட்டளைப் பொறுப்பன்று. ஆகவே அதனை வழக்குமன்றம் வலியுறுத்த இயலாது என்பது தீர்ப்பின் முகன்மையான பகுதி. மற்றொரு பகுதி அதனினும் எண்ணத்தக்கது. தோண்டி முடித்த இடத்தில் தென்னை முதலிய உணவு மரங்களை இயன்றவரை மீண்டும் நட்டுத் தருவதாக 1913-இல் எழுதிய ஆவணங்களில் உறுதி இருந்தது. நடவில்லை. உறுதி மீறப்பட்டது மெய்யே என்றார் நடுவர். ஆனால் மரம் நடுவதற்காகும் செலவைத் தரவேண்டியதில்லை என்றார். ஏனெனில் மக்கள் இப்போது இராம்பியில் வாழ்கின்றனர். பணம் கொடுத்தாலும் பனபாவில் மரம் நடுவார் என்பதற்கு உறுதியில்லை! மக்களை அங்கிருந்து அகற்றியவர் எவர்? அகற்றப்பட்டதே அகற்றியவனுக்குச் சாக்காயிற்று.

நடுவர் கயவர் என்று சொல்வதற்கில்லை. இம் மக்களுக்குத் தீங்கு நடந்திருக்கின்றது என்பதை அவர் அரசின் செவிக்கு எட்டச் செய்தார். அவர் கையிலிருந்த சட்டம் அத்தகையது. உடைமையுள்ளோர் தம்முள் வழக்காடுவதற்காகச் செய்துகொண்ட சட்டத்தில், உடைமையும் மக்களும் ஒன்றே என்றிருந்த ஒரு குடிக்கு இடமிருக்குமா? 1977-இல் அரசுகள் 1 கோடி ஆத்திரேலிய வெள்ளி தர முன்வந்தன. குற்றத்திற்கு ஈடாக அன்று, கொடையாக! கொடையாம்!

1979-இல் பாறை தீர்ந்தது. ஏறத்தாழ 2 கோடி டன் கப்பலேறியிருந்தது. 999 ஆண்டுக்கு எழுதிய தாள் 2899-ஆம் ஆண்டுவரை செல்லும். பாறையோ 79 ஆண்டில் முடிந்தது. தீவின் மேற்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு அகழப்பட்டுவிட்டதென்பர். எஞ்சியவை பல்வரிசைபோல் நிற்கும் சுண்ணாம்புக் கூர்ங்கற்கள், துருவேறிய பொறிகள், கல்நார்த் தகடுகள். பெண்கள் நீர் முகந்த குகைகள் பல சிதைந்தன. இன்று அங்கே வாழும் ஏறத்தாழ 300 பேர் மழைநீரையும், கடல்நீரை நன்னீராக்கும் பொறியையும் நம்பி நாட்களைக் கடத்துகின்றனர். அப் பொறி பழுதானால் கப்பல் வரும்வரை தொண்டை வறளும்.

வெள்ளையனைப் பழிப்பதோடு இதனை முடித்துவிட்டால் அது பாதி உண்மை. அண்டைத் தீவு நவுரு 1968-இல் விடுதலை பெற்றது. பாறைத் தொழிலைத் தானே வாங்கிக்கொண்டது. 21 சதுரக் கிலோமீட்டர்த் தீவில் முன்னைப் பாழ் போதாதென்று தானும் தோண்டிற்று. 1970-களில் ஆளுக்குரிய வருவாயில் உலகின் முன்வரிசையில் நின்றது. அப்பணம் எங்கே? மாளிகைகளிலும், பொய்க் கணக்கர்களின் பைகளிலும், 1993-இல் இலண்டனில் அரங்கேறிச் சில கிழமைகளிலேயே மூடப்பட்ட ஓர் இசை நாடகத்திலும் கரைந்தது. அதே 1993-இல், முன்னைய அழிவுக்காக உலக வழக்குமன்றில் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள ஆத்திரேலியா 10 கோடியே 70 இலக்கம் வெள்ளி தர இசைந்தது. தீவின் நடுப்பகுதி மட்டும் இன்றும் மொட்டைப் பாறை. மண்ணை விற்றுச் செல்வனாகும் ஆசைக்குத் தோல் நிறம் இல்லை. கூட்டத்தில் ஒருவன் எல்லையின்றிச் சேர்க்கலாம் என்ற வழி திறந்துவிட்டால், எவன் முதலில் நுழைவான் என்பது மட்டுமே வேறுபாடு.

எளியோன் மண் மலிவு, எளியோன் உயிர் அதனினும் மலிவு என்னும் இக் கொள்கையை மறைக்காமல் தாளில் எழுதிய அறிஞரும் உண்டு. 1991 திசம்பரில் உலக வைப்பகத்தின் தலைமைப் பொருளியலறிஞர் இலாரன்சு சம்மர்சு கையெழுத்திட்ட குறிப்பொன்று வெளியே கசிந்தது. நச்சுக் கழிவைக் கூலி குறைந்த நாட்டில் கொட்டுவதே பொருளியற் கணக்குக்கு ஒத்தது. நோயாலும் சாவாலும் இழக்கப்படும் வருவாய் அங்கேதான் குறைவு என்பது அதன் கருத்து. அஃது எள்ளலாக எழுதப்பட்டதென்று பின்னர் விளக்கம் சொன்னார்கள். எள்ளலாகவே இருக்கட்டும். உலகில் நடப்பது எள்ளலாக நடக்கவில்லையே!

தமிழ்நாட்டிலேயே நடந்ததை நினைவூட்டலாம். அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிய வெப்பமானித் தொழிலகத்தின் பொறிகள் 1983-இல் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவரப்பட்டன. மூலப்பொருள் இதளியம் (பாதரசம்) அமெரிக்காவிலிருந்து வரும். செய்த வெப்பமானி ஏற்றுமதியாகும். மலையில் தங்குவது எது? தொழிலகம் கைமாறிக் கைமாறி இந்துத்தான் இலீவரிடம் வந்தது. ஆம், அதே இலீவர் வழியில் வந்த குழுமந்தான். 2001-இல், மூஞ்சிக்கல்லில் மக்கள் காயலான் கடை என்று சொல்லும் பழம்பொருட் கடையொன்றில், இதளியம் படிந்த உடைந்த கண்ணாடி டன்கணக்கில் குவிந்து கிடந்ததை ஊரார் கண்டு போராடினர், தொழிலகம் மூடப்பட்டது. அதன் பின்புறம் பாம்பாற்றுச் சோலை. அச் சோலை நீர் சமவெளிக்கு இறங்குவது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர் 591 பேருக்கு இழப்பீடு தர இசைந்த உடன்பாடு 2016-இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டு! எஞ்சிய மண்ணை எவ்வளவு தூய்மை செய்தால் போதும் என்பது அதற்குப் பின்னும் வழக்காகவே நீண்டது. இலண்டன் மாந்தனுக்கு ஓரளவு, கொடைக்கானல் மாந்தனுக்கு வேறோரளவு என்பதன்றோ அவ்வழக்கின் உட்பொருள்?

பனபாவுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். முடிவு செய்பவன் ஓரிடத்தில் இருக்கின்றான். முடிவைச் சுமப்பவன் வேறிடத்தில் இருக்கின்றான். வயலில் தானே இறங்கி உழுபவன் கிணற்றில் நஞ்சைக் கொட்டான். அந்நீரையே அவன் குடித்தாக வேண்டும். செல்வம் பெருகப் பெருக, தான் கெடுத்த இடத்தைவிட்டு அகன்று செல்லும் ஆற்றல் செல்வனுக்குப் பெருகுகின்றது. ஆறு கெட்டால் அவனுக்குப் புட்டியில் நீர் வரும். காற்றுக் கெட்டால் அறைக்குள் துப்புரவுக் காற்று வரும். நகர் கெட்டால் மலைமேல் மாளிகை. மலை கெட்டால் கடலுக்கப்பால் மற்றொரு நாடு. அச்சமே இல்லாதவன் கையில் அடுப்பைக் கொடுத்தால் கூரை என்னாகும்? மற்றவனோ, கெட்ட இடத்திலேயே கிடந்து, கெட்டதற்கான பழியையும் ஏற்கின்றான். வறியோன் மாசுறுத்துகின்றான் என்று எழுதுவோன் பெரும்பாலும் அம் மாசு தன் மூக்குக்கு எட்டாத இடத்திலிருந்தே எழுதுகின்றான்.

வள்ளுவர் ஈகைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடு நிறைவுறாமல் ஒப்புரவுக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்தது இதனாற்போலும். ஈகை, இல்லாதவன் கேட்டபின் கொடுப்பது. ஒப்புரவு, கேட்கும் நிலையே வாராதபடி ஊரோடு ஒத்து வாழ்வது. இன்றைய பெருஞ்செல்வர் பலர் மரம் நடுவதற்கு அறக்கட்டளை நிறுவுகின்றனர். மாநாட்டுக்குப் பொருள் தருகின்றனர். ஞாலத்தைக் காப்போம் என்று பதாகை பிடிக்கின்றனர். ஈகைதான். காட்டை வெட்டிய கைக்கே கன்று நடும் புகழையும் தருவது ஈகையின் வேலையாகிவிட்டது. வெட்டுவதற்கே இடம் தராத ஒப்புரவைப் பற்றி மட்டும் அம் மாநாடுகளில் பேச்சு எழுவதில்லை. எழுந்தால், பொருள் தந்தவர் எழுந்து போய்விடுவார்.

2023-ஆம் ஆண்டு ஆத்திரேலியக் குழுமமொன்று பனபாவில் எஞ்சியிருக்கும் பாசுபேட்டையும் தோண்டலாமா என்று பார்க்க முன்வந்தது. தீவைச் சீர்செய்து தருவதற்கும் அதிலேயே வழி பிறக்கும் என்றும் சொல்லப்பட்டது. இராம்பியின் பெரியோர் எதிர்த்தனர். மீண்டும் தோண்டிச் சீர்செய்வதாகச் சொல்வோரிடம் அவர்கள் காட்டுவதற்கு ஓர் ஆவணம் உண்டு: தோண்டிய இடத்தில் மரம் நட்டுத் தருவதாக 1913-இல் எழுதியது.